டாஸ்க்கியூவில் பாக்கெட்டைப் போடாதீர்கள்: ஒரு 10 கிகாபிட் டிரைவரைத் திருத்தி எழுதிய பதிவு

கையில் இருந்தது எஃப்பிஜிஏ (உள் சுற்றைத் தேவைக்கேற்ப அமைத்துக்கொள்ளக்கூடிய சில்லு) கொண்ட ஒரு நெட்வொர்க் கார்டு. அதில் இரண்டு 10 கிகாபிட் போர்ட்டுகள். ஒன்றில் வரும் பாக்கெட்டைப் படித்து, விதிப்பட்டியலோடு ஒப்பிட்டு, அனுமதி பெற்றதை மற்றதன் வழியே அனுப்ப வேண்டும். இயங்குதளம் ஃப்ரீபிஎஸ்டி 14. கார்டை இயக்கும் டிரைவர் நிரல் ஏற்கெனவே இருந்தது. ஒரு கிகாபிட் கார்டுக்காக எழுதப்பட்டு, அந்த வேகத்தில் எந்தக் குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்த டிரைவர் அது. வேகம் பத்து மடங்கானதும் அதன் அமைப்பே தாங்கவில்லை. கெர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி) த்ரெட்டுகளையும் (தனித்தனியாக ஓடும் வேலையிழைகள்) டாஸ்க்கியூக்களையும் (பணி வரிசைகள்) வைத்து அதை எப்படி மாற்றி அமைத்தோம், ஒவ்வொரு முடிவுக்கும் என்ன காரணம் என்பதை இங்கே எழுதி வைக்கிறேன். இதே பாதையில் இறங்குகிறவர்களுக்கு அந்தக் காரணங்கள்தான் அதிகம் உதவும் என்று நம்புகிறேன்.

முதலில் கணக்கு

ஈதர்நெட்டில் மிகச் சிறிய பாக்கெட் 64 பைட். அதற்கு முன்னால் 8 பைட் முன்குறி, பின்னால் 12 பைட் இடைவெளி. ஆக, கம்பியில் அது பிடிக்கும் இடம் 84 பைட், அதாவது 672 பிட். 10 கிகாபிட்டை 672ஆல் வகுத்தால் நொடிக்கு 1 கோடியே 48 லட்சத்து 80 ஆயிரம் பாக்கெட்டுகள். ஒரு பாக்கெட்டுக்குக் கிடைப்பது 67.2 நானோ நொடி. 3 கிகாஹெர்ட்ஸ் கோர் ஒன்றில் அது சுமார் 200 கடிகாரச் சுழற்சிகள்.

அந்த 200 சுழற்சிகளில் என்ன செய்ய முடியும்? கேஷில் (பிராசஸருக்குள் இருக்கும் சிறிய, வேகமான நினைவகம்) இல்லாத ஒரு முகவரியை முதன்மை நினைவகத்திலிருந்து படித்து வர 80 முதல் 100 நானோ நொடி ஆகிவிடும். ஒரே ஒரு கேஷ் தவறலில் பாக்கெட்டின் பங்கு முழுவதும் தீர்ந்து கடனும் ஏறிவிடுகிறது. ஒரு தரவை ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே தொடும்படி காக்கும் லாக்கை, யாரும் போட்டிக்கு வராதபோது பிடிக்கவே ஏறத்தாழ 20 சுழற்சி வேண்டும். போட்டி இருந்தால் அந்த லாக் இருக்கும் கேஷ் வரி (கேஷ் ஒரே துண்டாகக் கையாளும் 64 பைட்) ஒரு கோரிலிருந்து இன்னொரு கோருக்குப் போய்வரும் நேரமும் சேர்ந்துகொள்ளும். ஒரு த்ரெட்டை நிறுத்தி இன்னொன்றை ஓடவிடுவதற்கு ஒரு மைக்ரோ நொடியோ அதற்கு மேலோ ஆகும். அதற்குள் பதினைந்து பாக்கெட்டுகள் வந்து சேர்ந்துவிடும்.

முழு அளவு பாக்கெட்டில் இந்த நெருக்கடி தெரியாது. 1518 பைட் பாக்கெட் என்றால் ஒவ்வொன்றுக்கும் 1,230 நானோ நொடி கிடைக்கிறது. பெரிய கோப்பு ஒன்றை நகலெடுத்துப் பார்த்துவிட்டு ‘பத்து கிகாபிட் ஓடுகிறது’ என்று சொல்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. சுமை என்பது பிட்டுகளின் எண்ணிக்கையில் இல்லை, பாக்கெட்டுகளின் எண்ணிக்கையில் இருக்கிறது. எங்கள் சோதனைகள் எல்லாவற்றுக்கும் 64 பைட் பாக்கெட்டையே வைத்துக்கொண்டோம். நெட்மேப்புடன் (பாக்கெட்டுகளை அதிவேகமாகக் கையாளும் மென்பொருள்) வரும் பாக்கெட் உற்பத்திக் கருவியை இன்னொரு இயந்திரத்தில் ஓடவிட்டு, வேகத்தைப் படிப்படியாகக் கூட்டினோம்.

பழைய அமைப்பு எங்கே உடைந்தது

பழைய டிரைவரில் ஒரே ஒரு ரிங் (கார்டு பாக்கெட்டுகளை எழுதிவைக்கும் வட்ட வரிசை), ஒரே ஒரு இன்டரப்ட் (பாக்கெட் வந்தது என்று கார்டு பிராசஸருக்குத் தரும் குறி). இன்டரப்ட் த்ரெட் ரிங்கிலிருந்து பாக்கெட்டை எடுத்து எம்பஃப்பில் (கெர்னல் பாக்கெட்டை வைத்துக்கொள்ளும் நினைவக உறை) பொதிந்து, இடையில் இருந்த ஒரு பட்டியலில் சேர்க்கும். அந்தப் பட்டியலுக்கு ஒரு மியூடெக்ஸ், அதாவது ஒரு லாக். பின்னால் ஒரு வேலைக்கார கெர்னல் த்ரெட் அதிலிருந்து எடுத்து விதிகளைச் சரிபார்த்து அனுப்பும். வரவேற்பு ஓர் இடம், வேலை ஓர் இடம் என்று காகிதத்தில் பார்க்க ஒழுங்கான பிரிவினைதான்.

அனுப்பும் வேகத்தை எக்ஸ் அச்சிலும் வெளியே வந்த வேகத்தை ஒய் அச்சிலும் வைத்து வரைந்தோம். ஓர் எல்லை வரை கோடு ஏறியது. அதன் பிறகு சமமாக நிற்க வேண்டிய கோடு கீழே இறங்கத் தொடங்கியது. உள்ளே அதிகம் திணிக்கத் திணிக்க வெளியே வருவது குறைந்தது. இந்த இறக்கத்தைக் கண்டால் அமைப்பில் கோளாறு என்று உறுதியாகச் சொல்லிவிடலாம். தாங்கும் திறன் குறைவாக இருப்பது வேறு, சுமை கூடும்போது திறன் சரிவது வேறு.

ஜெஃப்ரி மொகுல், கே. கே. ராமகிருஷ்ணன் இருவரும் 1996இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை இந்த நிலையைத்தான் விவரிக்கிறது. இன்டரப்ட்டுக்கு முன்னுரிமை அதிகம். அது பாக்கெட்டை வரவேற்றுக்கொண்டே இருக்கும். பின்னால் வேலை செய்ய வேண்டிய பகுதிக்கு நேரமே கிடைக்காது. பட்டியல் நிரம்பி, ஏற்கெனவே உழைப்பைச் செலவழித்து எடுத்துவந்த பாக்கெட்டையே தூக்கி எறிய வேண்டியிருக்கும். கணினி முழு மூச்சாக உழைத்துக்கொண்டிருக்கும், பயன் பூஜ்யத்தை நோக்கிப் போகும்.

எங்கள் இயந்திரத்தில் எட்டு கோர்கள் இருந்ததால் வேலைக்கார த்ரெட்டுக்குத் தனி கோர் கிடைத்தது. ஆனாலும் சரிவு வந்தது. காரணம் அந்த மியூடெக்ஸ். பட்டியல் நிரம்பியிருக்கிறதா என்று பார்க்கவும் இன்டரப்ட் த்ரெட் லாக்கைப் பிடித்துத்தான் ஆக வேண்டும். தூக்கி எறியப்போகும் பாக்கெட்டுக்கும் ஒரு லாக். வரவு கூடக்கூட அந்த லாக்குக்கான போட்டி கூடியது, வேலைக்கார த்ரெட் வாசலிலேயே காத்துக் கிடந்தது. எந்தச் செயல்பாடு எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று காட்டும் விவரக்குறிப்புக் கருவியில் பார்த்தபோது விதிகளைச் சரிபார்க்கும் செயல்பாடுகள் பட்டியலின் அடியில் இருந்தன. உச்சியில் இருந்தது மியூடெக்ஸ்.

பாக்கெட்டுக்கு ஒரு பணி என்ற யோசனை

ஃப்ரீபிஎஸ்டியில் டாஸ்க்கியூ என்பது எளிமையான ஏற்பாடு. ஒரு செயல்பாட்டையும் அதற்கான சூழல் சுட்டியையும் ஒரு பணியாகக் கட்டி வரிசையில் போட்டால், அந்த வரிசைக்கென உருவாக்கிய கெர்னல் த்ரெட் அதை எடுத்து இயக்கும். எத்தனை த்ரெட் வேண்டும், என்ன முன்னுரிமை, எந்தக் கோர் என்பதை நாமே சொல்லலாம்.

இதைப் பார்த்ததும் எங்கள் குழுவில் எழுந்த முதல் யோசனை, ஒவ்வொரு பாக்கெட்டையும் ஒரு பணியாக்கி ஒரே டாஸ்க்கியூவில் போட்டு, நான்கு த்ரெட்டுகளை அதிலிருந்து எடுக்க விடலாம் என்பது. வேலை தானாகச் சமமாகப் பிரியும் என்பது அதன் கவர்ச்சி. வாதம் செய்வதைவிடச் சோதித்துப் பார்ப்பதே மேல் என்று அதற்கும் ஒரு மாதிரி வடிவம் எழுதினோம்.

இரண்டு விஷயங்கள் தெளிவாகின. முதலாவது எதிர்பார்த்ததுதான்: ஒவ்வொரு முறை வரிசையில் சேர்க்கும்போதும் அந்த வரிசையின் லாக், தூங்கும் த்ரெட்டை எழுப்பும் செலவு. 67 நானோ நொடிக்குள் இதற்கு இடமே இல்லை. பழைய மியூடெக்ஸுக்குப் பதில் புதிய மியூடெக்ஸ் வந்ததே மிச்சம்.

இரண்டாவது இன்னும் மோசமானது. ஒரே டிசிபி இணைப்பின் பாக்கெட்டுகள் நான்கு த்ரெட்டுகளுக்குப் பிரிந்து போகும்போது, பின்னால் வந்தது முன்னால் வெளியேறிவிடுகிறது. பெறுகிற முனை இடையில் ஒன்றைக் காணவில்லை என்று அதே ஒப்புகையைத் திரும்பத் திரும்ப அனுப்பும். மூன்று இரட்டை ஒப்புகைகள் சேர்ந்தால் அனுப்புகிற முனை பாக்கெட் தொலைந்துவிட்டதாகக் கருதி மறுபடி அனுப்பி, தன் நெரிசல் சாளரத்தையும் (ஒப்புகை வரும் முன் அனுப்பக்கூடிய அளவு) குறைத்துக்கொள்ளும். ஒரு பாக்கெட்கூடத் தொலையாமலேயே இணைப்பின் வேகம் விழுகிறது. பெறுகிற இயந்திரத்தின் டிசிபி புள்ளிவிவரத்தில் வரிசை மாறி வந்தவற்றின் எண் விறுவிறுவென ஏறுவதைப் பார்த்த பிறகு, அந்த யோசனையை யாரும் மீண்டும் எடுக்கவில்லை.

வாசல் மணி

டாஸ்க்கியூவின் ஒரு குணத்தைக் கவனித்தால் அது எதற்காகச் செய்யப்பட்டது என்பது புரியும். ஏற்கெனவே வரிசையில் காத்திருக்கும் பணியை மறுபடியும் சேர்த்தால் அது இரண்டாவது முறை இடம்பிடிப்பதில்லை. ‘காத்திருப்பு எண்ணிக்கை’ என்ற எண் மட்டும் ஒன்று கூடும். பணி இயங்கும்போது அந்த எண் செயல்பாட்டுக்குத் தரப்படும். அதாவது, இது வாசல் மணி. பத்து முறை அடித்தாலும் கதவைத் திறப்பவர் ஒருமுறைதான் வருவார். வந்தவர் வாசலில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆகவே பாக்கெட்டுகள் கார்டு எழுதிவைத்த ரிங்கிலேயே இருக்கட்டும். டாஸ்க்கியூ வழியாகப் போவது ‘ரிங்கைப் பார்’ என்ற ஒற்றைச் செய்தி மட்டுமே. இந்த ஒரு முடிவுக்குப் பிறகு மற்றவை எல்லாம் தெளிவாக அமைந்தன.

இன்டரப்ட்டை ஃபில்டர் வகைக் கையாளியாக மாற்றினோம். அது இன்டரப்ட் சூழலிலேயே நேரடியாக ஓடும். உறங்கக் கூடாது, சாதாரண மியூடெக்ஸ் பிடிக்கக் கூடாது, ஸ்பின் லாக் (உறங்காமல் சுற்றிக்கொண்டே காத்திருக்கும் வகை) மட்டுமே அனுமதி. அதனால் டாஸ்க்கியூவையும் ஸ்பின் லாக் பயன்படுத்தும் ‘ஃபாஸ்ட்’ வகையாக உருவாக்க வேண்டும். கையாளி செய்வது இரண்டே வேலை: அந்த ரிங்கின் இன்டரப்ட்டை மூடுவது, பணியைச் சேர்ப்பது. மீதி எல்லாம் டாஸ்க்கியூவின் கெர்னல் த்ரெட்டில். அதன் உருவம் இது:

இன்டரப்ட் வந்ததும்:
— இந்த ரிங்கின் இன்டரப்ட்டை மூடு
— இந்த ரிங்கின் பணியை டாஸ்க்கியூவில் சேர்

பணி:
— வரம்பு எட்டும்வரை அல்லது ரிங் காலியாகும்வரை பாக்கெட்டை எடு, சரிபார், அனுப்பு
— வால் பதிவேட்டை (ரிங்கில் எதுவரை முடித்தோம் என்று கார்டுக்குச் சொல்லும் இடம்) ஒரே ஒருமுறை எழுது
— நிறுத்தக் கொடி ஏற்றப்பட்டிருந்தால் திரும்பு
— வரம்பு எட்டியிருந்தால் பணியை மீண்டும் சேர்த்துவிட்டுத் திரும்பு
— இன்டரப்ட்டைத் திற
— கார்டின் பதிவேடு ஒன்றைப் படி
— அடுத்த டிஸ்கிரிப்டர் (ரிங்கின் ஒரு கட்டம்) நிரம்பியிருந்தால் இன்டரப்ட்டை மூடு, பணியை மீண்டும் சேர்

பாக்கெட் வந்திருக்கிறதா என்று தெரிந்துகொள்ளக் கார்டைக் கேட்பதில்லை. கார்டு டிஎம்ஏ வழியாக (பிராசஸரின் உதவியின்றி நேரடியாக நினைவகத்தில்) டிஸ்கிரிப்டரில் எழுதும் ‘முடிந்தது’ பிட்டை நினைவகத்தில் பார்த்தாலே போதும். பிசிஐஇ (கார்டைக் கணினியோடு இணைக்கும் பாதை) வழியாக ஒரு பதிவேட்டைப் படிப்பது பல நூறு நானோ நொடி பிடிக்கும் காரியம். ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் அதைச் செய்தால் வேறு எந்தத் திருத்தமும் பலன் தராது. வால் பதிவேட்டை ஒரு தொகுதிக்கு ஒருமுறை மட்டும் எழுதுவதும் இதே கணக்கில்தான்.

அப்படியிருக்க, கடைசிப் பகுதியில் பதிவேடு ஒன்றைப் படிக்கச் சொல்லும் அந்த வரி எதற்கு? அதற்குத் தனியாகவே விளக்கம் வேண்டும்.

சிக்கிக்கொண்ட கடைசிப் பாக்கெட்

பழைய டிரைவரைப் பற்றி நெடுநாள் புகார் ஒன்று இருந்தது. போக்குவரத்து அதிகமாக இருக்கும்போது ஒன்றும் தெரியாது. அடங்கியிருக்கும்போது எப்போதாவது ஒரு பாக்கெட் மட்டும் காரணமில்லாமல் தாமதமாகும். அதை மறுபடி வரவழைக்க, சில மைக்ரோ நொடி இடைவெளியில் இரண்டு பாக்கெட்டுகளைச் சோடியாக, நொடிக்கு ஒரு சோடி வீதம் அனுப்பிப் பார்த்தோம். பெரும்பாலும் இரண்டும் உடனே வெளியே வந்தன. சில நேரம் இரண்டாவது பாக்கெட் ஏறத்தாழ ஒரு முழு நொடி கழித்து வந்தது. சோடிகளுக்கு இடையிலான நேரத்தை 200 மில்லி நொடியாக்கினால், அந்தத் தாமதமும் 200 மில்லி நொடியானது.

கோளாறின் அடையாளம் இதிலேயே இருக்கிறது. நெரிசலாலோ மெதுவான செயலாலோ வரும் தாமதம், நாம் அடுத்ததை எப்போது அனுப்புகிறோம் என்பதைப் பொறுத்து மாறாது. மாறுகிறது என்றால் அந்தப் பாக்கெட் எங்கோ சிக்கி, அடுத்தது வந்து இடிக்கும்வரை நிற்கிறது.

ரிங் காலி என்று பார்த்த கணத்துக்கும் இன்டரப்ட்டைத் திறந்த கணத்துக்கும் நடுவே ஒரு சிறு இடைவெளி இருக்கிறது. அதில் வந்த பாக்கெட்டைப் பற்றிக் கார்டு செய்தி அனுப்பாது, ஏனென்றால் அப்போது இன்டரப்ட் மூடியிருந்தது. மூடியிருந்தபோது வந்ததை நினைவில் வைத்திருந்து, திறந்ததும் சொல்லும் வசதி இந்தக் கார்டில் இல்லை. த்ரெட்டும் ரிங் காலி என்று நினைத்து உறங்கப் போய்விட்டது. ஆகவே திறந்த பிறகு ரிங்கை இன்னொரு முறை பார்க்க வேண்டும் என்பது எல்லா டிரைவர் எழுத்தாளர்களும் அறிந்த வழி.

இதை மட்டும் சேர்த்தபோது தாமதம் மிக அரிதானது, ஆனால் முற்றிலும் ஒழியவில்லை. பிசிஐஇயில் எழுதுதல் என்பது அஞ்சலில் போட்டுவிட்டுப் போவதுதான். இன்டரப்ட்டைத் திறக்கும் கட்டளையைப் பிராசஸர் எழுதிவிட்டு அடுத்த வரிக்கு நகர்ந்துவிடும். கட்டளை கார்டைச் சென்று சேரும் முன்பே த்ரெட் ரிங்கைப் பார்த்துக் ‘காலி’ என்று முடிவு கட்டிவிடலாம். அதற்குப் பிறகு, கட்டளை போய்ச் சேர்வதற்குள் ஒரு பாக்கெட் வந்தால் பழைய கதைதான். அதனால்தான் பதிவேட்டைப் படிக்கும் அந்த வரி. படித்தல் முடிய வேண்டுமானால் அதற்கு முன் அனுப்பிய எழுத்துகள் கார்டை அடைந்திருக்க வேண்டும். அதேபோலக் கார்டு அதற்கு முன் நினைவகத்துக்கு அனுப்பிய டிஎம்ஏ எழுத்துகளையும் படித்தலின் பதில் முந்திக்கொண்டு வர முடியாது. தளர்வான வரிசைமுறை அனுமதிக்கப்படாதவரை பிசிஐஇ விதி இதை உறுதி செய்கிறது. ஆக, பதில் கைக்கு வந்த பிறகு ரிங்கைப் பார்த்தால் தெரிவதுதான் உண்மை நிலை.

விலையுயர்ந்த படித்தல்தான். ஆனால் ரிங் காலியாகும்போது மட்டுமே நடக்கிறது. ரிங் காலி என்றால் நம்மிடம் நேரம் இருக்கிறது என்று பொருள். முழுச் சுமையில் இந்த வரிக்குத் த்ரெட் வருவதே இல்லை. இந்தப் பொருத்தம் எனக்கு மிகவும் பிடித்துப்போனது.

ஒரு ரிங், ஒரு த்ரெட், ஒரு கோர்

கார்டில் போர்ட்டுக்கு நான்கு பெறும் ரிங்குகள் அமைக்கலாம். ரிங்குக்கு ஒன்றாக நான்கு எம்எஸ்ஐ-எக்ஸ் வகை இன்டரப்ட்டுகள். நான்கு ரிங்குக்கும் நான்கு தனி டாஸ்க்கியூ, ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு த்ரெட், ஒவ்வொரு த்ரெட்டும் ஒரு கோரில் பிணைப்பு, அந்த ரிங்கின் இன்டரப்ட்டும் அதே கோரில். இன்டரப்ட் ஓடிய கோரிலேயே த்ரெட்டும் ஓடினால் டிஸ்கிரிப்டர்களும் தலைப்புகளும் கோர் மாறி அலைய வேண்டியதில்லை.

எந்தப் பாக்கெட் எந்த ரிங்குக்கு என்பதை முகவரிகளையும் போர்ட் எண்களையும் வைத்து டோப்லிட்ஸ் ஹேஷ் (ஒரு சாவியைக் கொண்டு அவற்றிலிருந்து ஓர் எண்ணைக் கணக்கிடும் முறை) முடிவு செய்கிறது. ஓர் இணைப்பின் பாக்கெட்டுகள் எல்லாம் ஒரே ரிங்குக்குப் போவதால் வரிசை கலைவதில்லை. விதிப்பட்டியலுக்கு இணைப்பின் இரு திசைகளும் தேவைப்பட்டன. சாதாரணச் சாவியில் போகும் பாக்கெட் ஒரு ரிங்கிலும் வரும் பாக்கெட் வேறு ரிங்கிலும் விழும். 6டி5ஏ என்ற பதினாறடிமான எண்ணைத் திரும்பத் திரும்ப அடுக்கிச் சாவியாக வைத்தால், அனுப்புநரையும் பெறுநரையும் இடம் மாற்றினாலும் ஹேஷ் மாறாது. டோப்லிட்ஸ் ஹேஷ் சாவியை ஒவ்வொரு பிட்டாக நகர்த்திப் பயன்படுத்துகிறது. சாவி 16 பிட்டுக்கு ஒருமுறை திரும்ப வருவதால் இரு முகவரிகளுக்கும் ஒரே சாவித் துண்டு கிடைக்கிறது, இரு போர்ட் எண்களுக்கும் அப்படியே. இரண்டு கார்டு போர்ட்டுகளிலும் இதே சாவியை வைத்ததும், இணைப்பு நிலை அட்டவணையை நான்கு தனி அட்டவணைகளாகப் பிரித்து, அவற்றின் லாக்குகளை முற்றிலும் நீக்கிவிட முடிந்தது. அந்த ஒரு சாவி எங்களுக்குத் தந்த பலனை வேறு எந்தத் திருத்தமும் தரவில்லை.

இத்தனைக்குப் பிறகும் நான்கு கோர்கள் ஒன்றையொன்று மெதுவாக்கிக்கொண்டிருந்தன. ரிங்குகளின் எண்ணிக்கை மாறிகள் நினைவகத்தில் அடுத்தடுத்து இருந்தன. நான்கு 8 பைட் எண்கள், எல்லாம் ஒரே 64 பைட் கேஷ் வரியில். ஒரு கோர் தன் எண்ணைக் கூட்டினால் மற்ற மூன்றின் கேஷிலும் அந்த வரி செல்லாததாகிவிடும். ரிங் அமைப்பு ஒவ்வொன்றையும் தனிக் கேஷ் வரியில் தொடங்கும்படி சீரமைத்ததும் அது நின்றது. அனுப்பும் பக்கத்திலும் த்ரெட்டுக்கு ஒரு தனி ரிங் கொடுத்துவிட்டோம், அங்கே சொல்வதற்கு அதிகம் இல்லை.

வரம்பு எவ்வளவு

ஒரு முறை பணி இயங்கும்போது எத்தனை பாக்கெட் எடுக்கலாம்? 16 என்று வைத்தால் டாஸ்க்கியூவில் சேர்த்து எடுக்கும் செலவு ஒவ்வொரு 16 பாக்கெட்டுக்கும் விழுகிறது. வரம்பே இல்லை என்றால் முழுச் சுமையில் பணி முடிவதே இல்லை. சுமை நான்கு ரிங்குக்கும் சமமாகப் பிரிந்தால் ஒரு ரிங்குக்கு 268.8 நானோ நொடிக்கு ஒரு பாக்கெட். 256 பாக்கெட் வந்து சேரச் சுமார் 69 மைக்ரோ நொடி. அந்த எண்ணிலேயே நின்றோம். அதற்கு மேல் கூட்டியபோது வேகத்தில் வித்தியாசம் தெரியவில்லை.

பெரிய வரம்பைத் தவிர்க்க வேறொரு காரணமும் உண்டு. ஃப்ரீபிஎஸ்டி 13 முதல், நெட்வொர்க் வகைப் பணி என்று குறித்துவிட்டால் டாஸ்க்கியூ த்ரெட் தானாகவே நெட்வொர்க் ஈபாக்குக்குள் (உள்ளே இருப்பவர் பார்க்கும் தரவு அழிக்கப்படாமல் காக்கும் ஏற்பாடு) நுழைந்து பணியை இயக்கும். பாக்கெட்டுக்கு ஒருமுறை நுழைந்து வெளியேறும் செலவு மிச்சம். ஆனால் ஈபாக்குக்குள் ஒரு த்ரெட் இருக்கும்வரை, கெர்னல் வேறிடத்தில் நீக்கிய வழித்தட அமைப்புகளின் நினைவகத்தை விடுவிக்க முடியாது. அளவாக வெளியே வந்துபோவது மற்றவர்களுக்கும் நல்லது. இணைப்பு நிலை மாற்றம், வெப்பநிலை கண்காணிப்பு போன்ற நிதானமான பணிகளை இந்த நான்கு டாஸ்க்கியூக்களில் சேர்க்கவே கூடாது. அவை கெர்னலின் பொதுவான டாஸ்க்கியூவில் ஓடட்டும்.

உறங்கும் கோர்

தொடர்ச்சியான சுமையில் இழப்பே இல்லாத நிலையில், விட்டுவிட்டு வரும் திடீர்ப் பெருக்கில் மட்டும் ஒவ்வொரு முறையும் தொடக்கத்தில் கொஞ்சம் பாக்கெட்டுகள் தொலைந்தன. கார்டின் இழப்பு எண்ணிக்கை ஒரே ரிங்கைக் காட்டியது. இங்கும் கணக்குதான் வழி காட்டியது. ரிங்கில் 512 டிஸ்கிரிப்டர். ஒரே இணைப்பின் பாக்கெட்டுகள் முழு வேகத்தில் வந்தால் அது 34.4 மைக்ரோ நொடியில் நிரம்பிவிடும். வேலையில்லாத கோர் ஆழ்ந்த மின்சேமிப்பு நிலைக்குப் போயிருந்தால், அதிலிருந்து விழிக்கவே நூறு மைக்ரோ நொடிக்கு மேல் ஆகலாம். டாஸ்க்கியூ த்ரெட்டை எழுப்பச் சொல்லிவிட்டோம், ஆனால் அது ஓட வேண்டிய கோரே இன்னும் எழவில்லை.

இந்த நான்கு கோர்களையும் சி1 என்ற மேலோட்டமான உறக்க நிலைக்குக் கீழே போகவிடாமல் கட்டுப்படுத்தினோம். ரிங்கை 2048 ஆக்கினோம், அது 137.6 மைக்ரோ நொடி தாங்கும். 4096 வைக்க இடமிருந்தும் வைக்கவில்லை. ரிங் பெரிதாகும்போது அது தொடும் இடையகங்களின் மொத்த அளவு கேஷை மீறிப் போகிறது, தேங்கி நிற்கும் பாக்கெட்டின் தாமதமும் கூடுகிறது.

கழற்றும்போது

டிரைவர் மாட்யூலை முழுச் சுமையில் கழற்றிப் பார்ப்பதை ஒரு சோதனையாகவே வைத்துக்கொள்ளுங்கள். தன்னைத்தானே மீண்டும் சேர்த்துக்கொள்ளும் பணி இங்கே அபாயமானது. டாஸ்க்கியூவின் ‘டிரெயின்’ செயல்பாடு, ஏற்கெனவே சேர்த்த பணி முடியும்வரை காத்திருக்கும். அதன் பிறகு யாரும் சேர்க்க மாட்டார்கள் என்பதற்கு அது பொறுப்பேற்பதில்லை. ஆகவே முதலில் நிறுத்தக் கொடியை ஏற்ற வேண்டும். பிறகு கார்டில் இன்டரப்ட்டை மூடி, கையாளியைக் கழற்ற வேண்டும். அதற்குப் பின் டிரெயின், அதற்குப் பின் டாஸ்க்கியூவை விடுவித்தல், எல்லாம் முடிந்த பிறகே ரிங் நினைவகம். இந்த வரிசை மாறினால், விடுவித்த நினைவகத்தைத் த்ரெட் தொட்டுக் கெர்னல் விழும். இடைமுகப்பை வெறுமனே நிறுத்தித் தொடங்கும் பாதையிலும் இதே ஒழுங்கு வேண்டும். பலர் கழற்றும் பாதையை மட்டும் கவனித்துவிட்டு இதை விட்டுவிடுகிறார்கள்.

இப்போது

அதே வரைபடத்தை மீண்டும் வரைந்தபோது கோடு ஏறி, உச்சியில் சமமாக நின்றது. சரிவு இல்லை. தாங்க முடியாத பாக்கெட்டுகள் ரிங் நிரம்பியதால் கார்டிலேயே விழுகின்றன, அவற்றுக்காகப் பிராசஸர் ஒரு சுழற்சியும் செலவிடுவதில்லை. இழக்கத்தான் வேண்டும் என்றால் இழக்க வேண்டிய இடம் அதுதான்.

முழுச் சுமையில் இன்டரப்ட் எண்ணிக்கையைப் பார்த்தால் அது கிட்டத்தட்ட நின்றுபோயிருக்கும். புதிதாகப் பார்ப்பவர்கள் கார்டு செயலிழந்துவிட்டது என்று பதறலாம். ரிங் காலியாகாததால் பணி தன்னைத்தானே சேர்த்துக்கொண்டு ஓடுகிறது, இன்டரப்ட்டைத் திறக்கத் தேவையே எழவில்லை. சுமை குறைந்ததும் எண்ணிக்கை ஏறும்.

லினக்ஸில் வேலை செய்கிறவர்களுக்கு இந்த அமைப்பு பழக்கமானதாகவே தோன்றும். அங்கே நெட்வொர்க் டிரைவர்களுக்காக உள்ள நேப்பி என்ற ஏற்பாடும் இன்டரப்ட்டை மூடி, வரம்புக்குட்பட்டு ரிங்கைப் பார்த்து, காலியானதும் திறக்கிறது. ஒரு சுற்றுக்கு வழக்கமான வரம்பு 64. அது வழக்கமாக சாஃப்ட்ஐஆர்க்யூ (இன்டரப்ட் தள்ளிப்போட்ட வேலைகளை முடிக்கும்) சூழலில் ஓடும். 2021இல் வந்த 5.12 கெர்னலிலிருந்து ஒவ்வொரு நேப்பிக்கும் தனிக் கெர்னல் த்ரெட் ஒதுக்கும் வசதியும் உண்டு. த்ரெட்டாகிவிட்டால் எந்தக் கோரில் ஓட வேண்டும், என்ன முன்னுரிமை என்பதை வெளியிலிருந்தே அமைத்துக்கொள்ளலாம். லினக்ஸின் பொதுவான வொர்க்கியூவைப் பாக்கெட் பாதைக்குப் பயன்படுத்த நான் பரிந்துரைக்க மாட்டேன். எந்தத் த்ரெட், எப்போது ஓடும் என்ற பிடி அங்கே நம் கையில் போதுமான அளவு இல்லை.

தீராமல் இருப்பது ஒன்று. ஒரே இணைப்பு முழு வேகத்தில் வந்தால் ஹேஷ் அதை ஒரே ரிங்குக்குத்தான் அனுப்பும், மற்ற மூன்று கோர்களும் சும்மா இருக்கும். எம்பஃப் ஒதுக்கி, விதிகளைச் சரிபார்த்து, 67.2 நானோ நொடிக்குள் ஒரு கோரால் முடிக்க இயலவில்லை. 2012இல் வெளியான நெட்மேப் ஆய்வு, 900 மெகாஹெர்ட்ஸில் ஓடும் ஒரே கோரால் நொடிக்கு 1 கோடியே 48 லட்சம் பாக்கெட்டுகளை அனுப்பவோ பெறவோ முடியும் என்று காட்டியது. பாக்கெட்டுக்குப் பாக்கெட் நினைவகம் ஒதுக்குவதை ஒழித்து, ரிங்கையே பயனர் நிரலுக்குத் திறந்துவிட்டதால் கிடைத்த வேகம் அது. எங்கள் விதிப்பட்டியல் கெர்னலின் வழித்தட அட்டவணையையும் நம்பியிருப்பதால் முழுமையாக அங்கே போக முடியாது. எம்பஃப்பை மட்டும் விலக்கி, ரிங்கில் இருக்கும் இடையகத்தையே மறு போர்ட்டின் அனுப்பும் ரிங்கோடு இடம் மாற்றிக்கொள்ளும் வடிவத்தைத் தனிக் கிளையில் எழுதி வருகிறேன். அனுமதி பெற்று அப்படியே கடந்து போகும் பாக்கெட்டுக்கு எம்பஃப்பே தேவையில்லை, கெர்னல் அடுக்குக்குள் மேலே போக வேண்டியவற்றுக்கு மட்டும் ஒதுக்கினால் போதும்.